தறிக்கூடத்துப் பேச்சு

காலை ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. எட்டு நாளைக்கு ஒருமுறை வருவது.

அவன் ஒரு வாளி பிடித்தான். குழாயை மூடினான். ஏழு குடங்கள் சுவரோரம் கவிழ்ந்தே கிடந்தன.

பல் துலக்கினான். பாலைச் சுட வைத்தான். நின்றபடியே குடித்தான்.

சவரம் செய்துவிட்டு, கண்ணாடியைப் பார்த்து உதடுகளை அசைத்தான். சத்தமில்லாமல்.

பதினொரு மாதமாகத் தினமும் இப்படித்தான். மறந்துவிடக் கூடாது.

பிறகு பஸ் ஏறினான்.

மில்லை மூடி இருபது வருடம் ஆகிறது. இப்போது அது காட்சிக்கூடம். ஞாயிற்றுக்கிழமைகளில், அங்கே வேலை பார்த்தவர்களே சுற்றிக் காட்டுகிறார்கள்.

இன்று மயிலாத்தாள். அறுபதைத் தாண்டியவர். கழுத்தில் அடையாள அட்டை, காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ.

முதலில் ஷிப்ட் நேரத்துக்கு ஊதும் மில் சங்கைக் காட்டினார். விடியற்காலையில் அது ஊதினால் மூன்று ஊருக்குக் கேட்குமாம். வீட்டில் கடிகாரம் இல்லாதவர்களும் அதைக் கேட்டுத்தான் உலை வைத்தார்களாம்.

அடுத்தது தறிக்கூடம். முந்நூறு தறிகள் இருந்த இடம். இப்போது மிச்சம் ஒன்று. ஸ்விட்சைப் போட்டார்.

தரை அதிர்ந்தது. கூட வந்தவர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

நிறுத்தினார்.

"ஒண்ணுக்கே இப்பிடி. முந்நூறும் ஓடுனா எப்பிடிப் பேசறதுங்க? வாயசைப்புத்தான். அந்தக் கோடியில இருந்து அவ கேப்பா, இந்தக் கோடியில இருந்து நான் சொல்லுவேன். புதுசா வந்த சூப்பர்வைசரை மூஞ்சிக்கு நேராவே திட்டுவோம். பாவம், அந்த மனுசன் சிரிச்சுட்டே போவாரு."

எல்லோரும் சிரித்தார்கள்.

அவனுக்கு இது முன்பே தெரியும். அவன் மனைவி தாரணியின் அம்மா இதே கூடத்தில் தறி ஓட்டியவர். கல்யாணமான புதிதில் அம்மாவும் மகளும் அவன் எதிரிலேயே இப்படிப் பேசிக்கொள்வார்கள். அவனைப் பற்றித்தான் என்பது மட்டும் புரியும்.

"கத்துக்கங்க. உங்களுக்குத்தான் நல்லது" என்பாள் தாரணி.

அவன் கற்றுக்கொள்ளவில்லை.

அம்மா முதலில் போனார். அடுத்த வருடம் தாரணி.

கடைசி நாள் காலையில், ஆஸ்பத்திரியில், அவள் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்திருந்தார்கள். குரல் வராது. அவனைப் பார்த்து உதடுகளை அசைத்தாள். அவன் விழித்தான். இன்னொரு முறை அசைத்தாள்.

புரிந்ததுபோல் தலையாட்டினான்.

அவள் கண்களை மூடிக்கொண்டாள். பிறகு திறக்கவில்லை.

எதற்குத் தலையாட்டினோம் என்று அவனுக்குத் தெரியாது.

மற்றவர்கள் படம் எடுத்துக்கொள்ளச் சங்கு இருந்த இடத்துக்குப் போனார்கள். அவன் தறியருகே நின்றான்.

"வாயசைக்கிறேன். என்னன்னு பாத்துச் சொல்றீங்களா?"

மயிலாத்தாள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

அவன் அசைத்தான்.

"இழுத்து இழுத்துப் பண்ணாதீங்க கண்ணு. பேசற வேகத்துலயே பண்ணுங்க."

மறுபடி அசைத்தான். அவருடைய உதடுகளும் கூடவே அசைந்தன.

"யாரு சொன்னது?"

"வீட்ல."

"அதானே பாத்தேன். வேற யாரு சொல்லப் போறாங்க?"

சிரித்தபடியே, தறிச்சத்தத்துக்கு மேலே பேசுகிறவர்போல உரக்கச் சொன்னார்.

"இன்னிக்குத் தண்ணி வர்ற நாளு. எல்லாத்துலயும் புடிச்சு வெச்சிருங்க."