சொட்டும் குழாய்

டாக்டர் அறைக்கு வெளியே காத்திருந்தபோதும் மனைவி விடவில்லை.

"சமையலறைக் குழாய் இன்னிக்கும் சொட்டுது. ஒரு குழாயை இறுக்கி மூடத் தெரியாதா உங்களுக்கு?"

கணவர் பையிலிருந்து பழைய மருந்துச் சீட்டை எடுத்தார். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

அவளுக்கு ஆறு வருடமாக முடக்குவாதம். டாக்டர் விரல் மூட்டுகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார்.

"காலையில எந்திரிச்சதும் விரல் இறுக்கமா இருக்கா?"

"கொஞ்சம் இருக்கு. ஆனா எந்த வேலையும் நிக்கல டாக்டர். போன வருஷம் ஒரு டப்பா மூடியைக்கூட அசைக்க முடியல. இப்ப சர்க்கரை டப்பா, எண்ணெய் பாட்டில் எல்லாம் ஒரே திருகுல வந்துடுது. இந்த மாத்திரைதான் வயித்தைப் புரட்டுது. குறைச்சிடுங்களேன்."

"மூடி திறக்க முடியுதுன்னா நல்ல முன்னேற்றம்தான். பாதியாக் குறைச்சுப் பார்ப்போம்."

டாக்டர் பேனாவை எடுத்தார். கணவர் தொண்டையைச் செருமினார்.

"எழுதாதீங்க டாக்டர். தினமும் இவ எந்திரிக்கிறதுக்கு முன்னாடி எல்லா மூடியையும் நான்தான் தளர்த்தி வைக்கிறேன்."

டாக்டர் பழைய அளவையே எழுதினார். மனைவி தன் விரல்களைப் பார்த்தாள், பிறகு கணவரைப் பார்த்தாள்.

"அப்போ அந்தக் குழாய்?"

"அதை இறுக்கிட்டா நீ எப்படித் திறப்பே?"