கரையில் இருப்பவர்களின் நாடி

அரியமான் கடற்கரையில் குமரகுரு துடுப்புப் படகில் ஏறிப் போனதும், மனைவி பூங்கோதையும் மகள் முல்லையும் மணலில் உட்கார்ந்துகொண்டார்கள். மூவர் கையிலும் பயணக் காப்பீட்டுப் பட்டை பச்சையாக ஒளிர்ந்தது.

பட்டையின் விதி எளிமையானது, யோசித்தால் அழகானதும்கூட. தண்ணீரில் விளையாடுகிறவரின் நாடி எவ்வளவு வேண்டுமானாலும் ஏறலாம், அது உழைப்பு. கரையில் சும்மா இருப்பவரின் நாடி ஏறினால் அது பயம். குடும்பமே பயந்தால், ஆபத்து என்று தெரிந்தே அனுப்பியிருக்கிறார்கள் என்று பொருள். உடனே மூன்று பட்டைகளும் சிவந்து பாலிசி ரத்தாகிவிடும். மீட்புப் படகு பச்சைப் பட்டையைத் தேடித்தான் போகும்.

அலை ஒன்று படகைக் கவிழ்த்தது. குமரகுருவின் தலை தெரிந்தது, மறைந்தது.

"அம்மா, அப்பா..."

"மூச்ச மெதுவா விடு. வீட்ல பழகுனோம்ல? கிரைண்டர் சுத்துறத நெனச்சுக்க."

இருவரும் கிரைண்டரை நினைத்தார்கள். பட்டைகள் பச்சையாகவே இருந்தன. மீட்புப் படகு போய் அவனைத் தூக்கி வந்தது.

"ஏண்டி, நான் முங்குனத நீங்க பாக்கவே இல்லையா?" குமரகுருவுக்குக் குளிரில் பற்கள் தந்தியடித்தன.

"பாத்தோம்."

"நான் கொஞ்சங்கூட பயப்படலப்பா," என்றாள் முல்லை. "இப்ப அழலாமாம்மா?"

"சாயங்காலம் வரைக்கும் பாலிசி இருக்கு. பொறு."

சாயங்காலம் மூவரும் பட்டைகளைக் கழற்றினார்கள்.

"இப்ப அழுடி," என்றாள் பூங்கோதை.

முல்லை முகத்தைச் சுளித்துப் பார்த்தாள். வரவில்லை. மற்ற இருவரும் சிறிது நேரம் காத்திருந்தார்கள். பிறகு மூவரும் சாப்பிடப் போனார்கள்.