முகம் தெரிகிற படம்

"முகத்தைத் திருப்பாதையும்! கடலைப் பார்த்தபடியே நில்லும்!"

முக்காலியில் நின்ற கமெராவின் பின்னாலிருந்து வைத்தியலிங்கம் குரல் கொடுத்தார். ஜொகூர் பாரு கடலோரத்தில் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. கரையில் பட்டுச்சேலை கட்டியிருந்த பெண் சொன்னபடியே நின்றாள்.

"இந்த முறை திருப்பத்தான் வேணும் அத்தான்," என்றான் கனகசுந்தரம். "அதுக்குத்தானே சிங்கப்பூரில இருந்து ரயிலேறி வந்தனான்."

அவன் சிங்கப்பூரில் ஒரு போட்டோக் கடையில் வேலை பார்ப்பவன். வைத்தியலிங்கத்தின் மாமியார் செல்லப்பாக்கியத்துக்குத் தூரத்துச் சொந்தம். போன மாதம்தான் முதல்முறையாக யாழ்ப்பாணம் போய் அந்த அம்மாளைப் பார்த்துவந்தான். அவருடைய ஒரே மகள், பிள்ளைகுட்டி இல்லாத தவமணிதேவியை அவன் நேரில் கண்டதில்லை. மருமகன் மாதந்தவறாமல் அனுப்பும் படங்களில்தான் பார்த்திருந்தான். எல்லாமே அஸ்தமனப் படங்கள். வானம் அழகோ அழகு. தவமணி மட்டும் கரிக்கட்டையாக நின்றாள்.

"மாமிக்குக் கண் மங்கிக்கொண்டு வருது. 'சாமான் ஒண்டும் வேண்டாம் தம்பி, பார்வை போக முதல் என்ர பிள்ளையின்ர முகத்தை ஒருக்கால் காட்டு' எண்டு அழுதவா."

"கலை தெரியாத சனம்!" என்று அலுத்துக்கொண்டார் வைத்தியலிங்கம். "அஸ்தமனத்தில ஆள் கறுப்பா விழுந்தால்தான் அழகு."

அரசாங்க உத்தியோகத்தில் கொஞ்சம் ஓய்வு கிடைத்தால் சிலருக்குச் சீட்டு, சிலருக்குக் கலை. இவருக்குக் கலை முற்றிப் போயிருந்தது. சிகாமட் ஊரிலிருந்து மாற்றலாகி இங்கே வந்தபிறகு இன்னும் மோசம்.

கனகசுந்தரம் விடவில்லை. பையிலிருந்து ஒரு பில்டர் கண்ணாடியை எடுத்தான். மேலே கறுப்பு, கீழே வரவரத் தெளிந்து வெறும் கண்ணாடி.

"கறுப்புப் பக்கம் வானத்தின்ர வெளிச்சத்தை அமத்திப் பிடிக்கும். பிறகு கமெராவின்ர கண்ணை ஆறுதலாத் திறந்து வைச்சால், கீழ இருக்கிற அக்காவின்ர முகம் பளிச்செண்டு விழும். அக்கா, அந்தக் கல்லில இருங்கோ. தலை வானத்துக்குள்ள போகக்கூடாது."

அவள் உட்கார்ந்தாள். பதில் பேசவில்லை.

"அவவுக்குத் தொண்டை கட்டிப்போச்சு. கதைக்கமாட்டா," என்றார் வைத்தியலிங்கம் அவசரமாக.

காலையில் காப்பியை வைத்துவிட்டு அவள் ஒரு வார்த்தை இல்லாமல் உள்ளே போனதும் அதனால்தான் போலும் என்று கனகசுந்தரம் நினைத்துக்கொண்டான். பேசமுடியாமல் இருப்பதைப் பார்க்கப் பரிதாபமாகவும் இருந்தது.

கமெராவைச் சரிசெய்தபடி ஊர்க்கதை பேசினான். "மாமி உங்களை ஒரே மெச்சல். சீதன வீட்டுக்குப் புது ஓடு போட்டு, வாடகைக்கு ஆக்களைக் குடி வைச்சு, நல்லாப் பாக்கிறியளாம். மாமியின்ர தங்கச்சியின்ர மருமகன்தான் பாவம். பெண்சாதி பிள்ளையில்லாமல் செத்துப்போனா. சீதன வீடு திரும்பவும் பிறந்த வீட்டுக்குப் போயிட்டுது. எங்கட வழக்கம் அப்பிடித்தானே. பெட்டியோட வெளியில நிக்கிறார்."

 வைத்தியலிங்கம் பில்டரை வாங்கித் தானே லென்சுக்கு முன்னால் பொருத்தினார்.

கனகசுந்தரம் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "அத்தான், தலைகீழாப் போட்டிட்டியள்! கறுப்புப் பக்கம் கீழ வந்திட்டுது. இருக்கிற முகமும் இருட்டாப் போயிடும்."

"கமெராவுக்குள்ள எல்லாம் தலைகீழாய்த்தானே தெரியும். அந்த மயக்கம்," என்றார் அவர். பத்து வருஷமாகப் படம் பிடிக்கிறவருக்கு இப்படி ஒரு மயக்கம்!

கனகசுந்தரம் கண்ணாடியைத் திருப்பிப் பொருத்தினான். சூரியன் தண்ணீரைத் தொட்டது. படம் எடுக்க அழுத்தும் ரப்பர் குமிழைக் கையில் எடுத்தான்.

"அக்கா, இஞ்ச பாருங்கோ. அம்மாவை நினைச்சு ஒரு சிரிப்பு. இந்த முகத்தைப் பாக்கத்தான் அந்த மனுசி உசிரை வைச்சுக்கொண்டிருக்கிறா."

அவள் திரும்பினாள். சிரிக்கவில்லை. கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"திரும்பாதை எண்டு சொன்னனானெல்லோ!" வைத்தியலிங்கம் கத்தினார். இவ்வளவு நேரம் இருந்த மரியாதை அவர் பேச்சில் இல்லை.

அவள் எழுந்து நின்றாள். அன்று முழுவதும் திறக்காத வாயைத் திறந்தாள்.

"வேணாங்கய்யா, படம் புடிக்காதீங்க. பெத்தவங்க கண்ணு அவியிறதுக்குள்ள என் மூஞ்சியவா காட்டப் போறீங்க? தவமணியம்மா சிகாமட்லயே செத்து மூணு வருசமாச்சு. நான் அவங்க சீலையக் கட்டிக்கிட்டு நிக்கிற சமையக்காரிங்க."