பத்துக்குப் பூஜ்யம்

"புத்தகத்துல உள்ளத விட்டுட்டுச் சொந்தக் கதைய எழுதினா, எப்படிம்மா மார்க் போட?"

முத்துசெல்வி தன் விடைத்தாளை வாங்கிக்கொண்டாள்.

கேட்ட கிருபா, குற்றாலம் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் தற்காலிக விரிவுரையாளர். அறுபது விடைத்தாள் திருத்தியதில் கண் எரிந்தது. 'மக்கள் மரபறிவு' இந்த வருஷம் வந்த புதுப் பாடம். அதற்குப் புத்தகம் எழுதியவளும் அவள்தான்.

கேள்வி சுலபம். குற்றால அருவியில் வெள்ளம் வரப்போவதை எப்படி அறிவது? தண்ணீர் கலங்கியதும் வெளியேற வேண்டும், அவ்வளவுதான் விடை. முத்துசெல்வியோ, சருகும் சுள்ளியும் விழத் தொடங்கினாலே ஓடிவிட வேண்டும், கலங்கிய பிறகு ஓட நேரமிருக்காது என்று எழுதியிருந்தாள்.

பத்துக்குப் பூஜ்யம். அதனாலேயே ஃபெயில்.

"அருவிக்கரையில இருவது வருஷமா பழக்கடை வச்சிருக்க பேச்சித்தாய் சொன்னது அது. ரெக்கார்டிங்கே இருக்கு. அவங்களவிட உனக்குத் தெரியுமா?"

"இல்ல மேம்."

"அடுத்த டெஸ்ட்லயாவது ஒழுங்கா எழுது."

"அப்பவும் இதத்தான் எழுதுவேன் மேம்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

என்ன திமிர் என்று நினைத்தாள் கிருபா. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. வீட்டுக்குப் போக இலத்தூர் பஸ்ஸில் உட்கார்ந்ததும் இயர்போனை மாட்டிக்கொண்டு, போன சீசனில் எடுத்த பதிவைப் போட்டாள்.

"சருகு வந்தாலே ஓடிரணும் டீச்சர். கலங்குன பெறவு நேரம் கெடையாது." பேச்சித்தாயின் குரல்.

"சருகு தெனமும்தான விழுது? எங்க எச்.ஓ.டி. ஒத்துக்கிட மாட்டாரு. கலங்கல்னே போட்டுக்கிடுதேன். இன்னைக்கு எழுதிக் குடுக்கலன்னா என் வேலையே போயிரும்."

அது அவளுடைய குரல். அப்படிச் சொன்னதையே மறந்திருந்தாள்.

பிறகு, பழம் தின்ற கையைக் கழுவ அவள் எழுந்து போயிருக்கிறாள். போன் பழக்கூடை மேலேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

"தப்பா எழுதுதாகளேம்மா. நான் போய்ச் சொல்லட்டா?"

இந்தக் குரலை இன்று காலையில்தான் கேட்டிருந்தாள்.

"வேண்டாம்ட்டி முத்துசெல்வி. பாவம், அதுக்கு வேலை நிக்கணும். அடுத்த மாசம் நீ அந்தக் காலேஜுக்குத்தான போற? பரீட்சைல நீ சரியா எழுது. அத வாசிக்குத ஒரு ஆளாவது பொழச்சுக்கிடட்டும்."