பரம்பரையில் இல்லாத பழக்கம்

"எங்கட பரம்பரையிலை, முப்பாட்டன் காலந்தொட்டு, ஒருத்தருக்கும் காத்துப் பிரிஞ்சதில்லை, மிஸ்ஸி."

அப்புத்துரை இதைச் சிரிக்காமல் சொன்னார். முத்தையன்கட்டில் வாய்க்கால் தண்ணீரைப் பங்கிட்டுக் கொடுக்கும் மனிதர். அவர் பேச்சுக்கு அங்கே மறுபேச்சு இல்லை. மருமகள் கௌசலாவுக்கு முந்தநாள்தான் வயிற்றை வெட்டிப் பிள்ளை எடுத்திருந்தார்கள். மகன் கொழும்பில். மனைவி வீட்டில் பிள்ளைப்பெற்றவளுக்குச் சரக்குத்தூள் இடித்துக்கொண்டிருந்தாள். ஆகவே ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அவர்தான் காவல்.

"அப்ப உங்கட பரம்பரை பட்டினிதான் ஐயா," என்றாள் தாதி. "குடல் வேலை செய்யத் தொடங்கினால்தான் காத்துப் பிரியும். பிரிஞ்சால்தான் கஞ்சி. என்ன கௌசலா, பிரிஞ்சதோ?"

கௌசலா மாமனாரைப் பார்த்தாள். போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு, இல்லையென்று தலையாட்டினாள்.

"மிஸ்ஸி! எனக்குப் பிரிஞ்சிட்டுது!" பக்கத்துக் கட்டில் ஜெகதீஸ்வரி கூவினாள். வார்டே மகிழ்ந்தது. யாரோ பிள்ளையாருக்கு நன்றி சொன்னார்கள். கஞ்சி வந்தது.

"வெக்கங்கெட்ட சனம்," என்றார் அப்புத்துரை, சுவரிடம். "ஒரு ஒலிபெருக்கியும் கட்டிவிடுங்கோவன்."

மத்தியானம் தாதி மறுபடி வந்தாள். முகத்தில் சிரிப்பில்லை.

"ஐயா, பின்னேரத்துக்குள்ளை பிரியாட்டி வவுனியாவுக்கு அனுப்பச் சொல்லிப்போட்டார் டொக்டர். குடலிலை சிக்கலோ எண்டு பாக்கவேணுமாம். இந்த ரோட்டிலை, ஆமிச் சென்றியெல்லாம் தாண்டி, பச்சைப்பிள்ளையையும் தூக்கிக்கொண்டு..."

கௌசலாவின் கண்கள் நிறைந்தன.

"எழும்பி நட பிள்ளை," என்றார் அப்புத்துரை. மெல்ல நடந்துவிட்டு வந்தாள். "பிரிஞ்சதோ?" என்றாள் தாதி. மறுபடியும் மாமனாரைப் பார்த்துவிட்டுத் தலையாட்டல். தாதி வாகனத்துக்குச் சொல்லப் புறப்பட்டாள்.

அந்தப் பார்வையை அப்புத்துரை இந்த முறை கவனித்துவிட்டார். பிறகு கதிரையில் சற்றே சாய்ந்தார்.

மண்ணெண்ணெயில் ஓடும் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் கிளம்பியதுபோல் ஒரு சத்தம்.

வார்டு உறைந்தது. வாசலைத் தாண்டிய தாதி ஓடிவந்தாள். "ஆருக்கு? ஆருக்குப் பிரிஞ்சது?"

அப்புத்துரை பள்ளிக்கூடப் பிள்ளைபோல அமைதியாகக் கையை உயர்த்தினார்.

"எனக்குத்தான், மிஸ்ஸி."

கௌசலா தையலைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிய, மாமனாரை நோக்கிக் கை கூப்பினாள்.

"நீங்கள் நூறு வருசம் இருக்கோணும், மாமா. மிஸ்ஸி, வாகனம் வேண்டாம், கஞ்சியைக் கொண்டு வாங்கோ. எனக்கு விடியவே பிரிஞ்சிட்டுது."