குறுக்கே வராத நாய்

மறுவாழ்வு மருத்துவமனையின் விளையாட்டு அறை. காலில் இரும்புப் பட்டை கட்டிய சிறுமி சக்கர நாற்காலியில் இருந்தபடி பொம்மைக் கூடையைத் துழாவுகிறாள். ஜன்னல் வெயில் அவள் மடியில் பாய் விரித்திருக்கிறது. "அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு பொம்மையை வச்சுக் காட்டுறியா, தங்கம்?" என்கிறார் மனநல ஆலோசகர். பொம்மை ஸ்கூட்டரில் முன்னால் அப்பா ஏறுகிறார், பின்னால் குட்டிப் பெண். "நாய் வேணும்க்கா. குறுக்கே ஓடி வந்துச்சே!" கூடையில் நாய் இல்லை. "ஆடு இருக்கு, ஆகுமா?" "ஐயே, அப்பா ஆடுன்னு சொல்லவே இல்லையே!" ஆலோசகர் சிரிக்கிறார். சுவரோரம் ஸ்டூலில் அவள் அப்பன் உட்கார்ந்திருக்கிறான். வண்டியை ஓட்டிக்கொண்டே போனைப் பார்த்தவன் அவன்தான். வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும் வராத நாய்மேல் பழியைப் போட்டவனும் அவன்தான். பின்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தவள் இதுவரை அந்தப் போனைப் பற்றி வாயே திறந்ததில்லை. இப்போது அவள் காதறுந்த முயல் ஒன்றை எடுத்து ஸ்கூட்டருக்கு முன்னால் நிறுத்துகிறாள். "இதான் நாய்." அப்புறம் அப்பாவின் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்கிறாள்: "சரியாத்தானேப்பா சொன்னேன்?" அவன் சட்டைப்பையில் போன் அதிர்கிறது. அதைக் கையால் பொத்திக்கொள்கிறான். ஆலோசகர் சிரிப்பை நிறுத்திவிட்டு அந்தக் கையைப் பார்க்கிறார். மகள் இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறாள்.