முதல் கைதட்டல்

அந்தப் பல்கலைக்கழகத்தில் எந்த விழா என்றாலும் முதலில் கைதட்டுவது மெர்லின்தான். மாணவர் மன்றத்தில் அவளுக்குக் கொடுத்திருந்த வேலை அது. முன்வரிசையில் உட்கார்ந்து அவள் ஆரம்பித்தால் அரங்கமே தட்டும்.

விபத்தில் இறந்துபோன மாணவன் முத்துவேலுக்கு இரங்கல் கூட்டம். “வழக்கமான எடத்துலயே உக்காரும்மா” என்றார் பேராசிரியர்.

முத்துவேலின் அப்பா மைக்கைப் பிடித்தார். “போன மாசம் இதே மேடையிலதான் எம்புள்ள ஆடுனானாம். நீங்கள்லாம் அப்பிடி கைதட்டுனீங்களாம். நான் பாக்கலங்க.” மைக்கைக் கீழே இறக்கினார்.

மெர்லினும் பார்க்கவில்லை. அன்று அவன் ஆடியபோது, எப்போது தட்டச் சொல்லிச் சைகை காட்டுவார் என்று பேராசிரியர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அரங்கம் அவள் கைகளைப் பார்த்தது. இரண்டையும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். பேசி முடித்த அப்பா, அந்தக் கைதட்டலுக்குக் காத்திருப்பவர்போல் மேடையைவிட்டு இறங்காமல் நின்றுகொண்டே இருந்தார்.